பதில் வராத மெயிலுக்கு அடுத்த மெயில்

போன வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினான். 43 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், மெயில் முகவரி, அனுப்பிய தேதி. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் "பதில்" என்று தலைப்பு. மேலிருந்து கீழ்வரை அது காலி.

"43 பேருக்கு அனுப்பினேன் மாமா. ஒருத்தர்கூட பதில் போடல. பாட்டு நல்லா இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

இன்ஜினியரிங் முடித்தவன். வேலைக்குப் போகும் முன் ஒரு வருஷம் மட்டும் இசையில் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்று வீட்டில் கேட்டு வாங்கியிருந்தான். அந்த வருஷத்தில் மூன்று மாசம்தான் பாக்கி.

"திரும்ப ஒரு தடவை கேட்டுப் பாத்தியாடா?"

"எதுக்கு மாமா தொல்லை பண்ணனும்? பிடிச்சிருந்தா அவங்களே போடுவாங்க."

எனக்கு இசைத்துறை பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால், அனுப்பிய செய்திக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. சர்வர்களுக்கு நடுவே நடக்கும் கடிதப் போக்குவரத்து முழுக்க இந்த ஒரே கேள்விதான். அன்று ராத்திரி ஆரம்பித்து அடுத்த சில மாதங்கள் இதைப் படித்துக்கொண்டும் அவனோடு சேர்ந்து செய்துபார்த்துக்கொண்டும் இருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மௌனம் ஒரு பதில் அல்ல

ஒரு கணினி இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. பதில் வரவில்லை. என்ன நடந்திருக்கும்? செய்தி வழியில் தொலைந்திருக்கலாம். செய்தி போய்ச் சேர்ந்து, பதில் தொலைந்திருக்கலாம். அல்லது எதிர்முனைக்கு வேலை அதிகம், இன்னும் இந்தச் செய்திக்கே வரவில்லை. இந்த மூன்றில் எது என்று அனுப்பியவரால், அவர் இருக்கும் இடத்திலிருந்து, கண்டுபிடிக்கவே முடியாது.

இணையத்தின் அடிப்படையான டி.சி.பி. நெறிமுறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பதில் வராவிட்டால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாது. கொஞ்சம் காத்திருந்து அதே செய்தியை மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு. குறிப்பிட்ட எல்லை தாண்டினால் விட்டுவிடும். உடனே மனம் உடைவதும் இல்லை, கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதும் இல்லை.

மனிதர்களின் இன்பாக்ஸும் இப்படித்தான். பாட்டு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராததற்கு என் கணக்கில் ஐந்து காரணங்கள்: மெயில் ஸ்பேமுக்குப் போயிருக்கும், பேருந்திலோ மீட்டிங்கிலோ போனில் பார்த்துவிட்டு மறந்திருப்பார், பிடித்திருக்கும், ஆனால் இப்போது அதற்கு இடமில்லை, லிங்க் திறந்திருக்காது, பாட்டு பிடித்திருக்காது. ஐந்தில் ஒன்றுதான் "வேண்டாம்". நம் மனசு முதலில் போய் உட்காருவது அந்த ஒன்றில்தான்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது?

லுமினேட் என்ற இசைத்தரவு நிறுவனத்தின் 2023 ஆண்டறிக்கைப்படி, ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய பாடல்கள் வந்து சேர்ந்தன. அவர்கள் கணக்கில் இருந்த சுமார் 18.4 கோடிப் பாடல்களில், ஏறக்குறைய 4.5 கோடிப் பாடல்களை அந்த வருஷம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்த வெள்ளத்தில் கொஞ்சம் லேபிள் ஆட்களின் இன்பாக்ஸுக்கும், பிளேலிஸ்ட் வைத்திருப்பவர்களுக்கும், படத்துக்கும் விளம்பரத்துக்கும் பாட்டுத் தேடித் தரும் மியூசிக் சூப்பர்வைசர்களுக்கும் போகிறது. அவர்கள் பதில் போடாதது திமிரால் அல்ல. எல்லாருக்கும் பதில் போட்டால் பாட்டுக் கேட்க நேரம் இருக்காது.

தப்பான மெயிலைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை

சர்வர்களில் 400 என்று ஒரு பிழை உண்டு. "நீ கேட்டதே சரியில்லை" என்று பொருள். அப்படி வந்தால் ஆயிரம் தடவை திரும்ப அனுப்பினாலும் அதே பிழைதான் வரும். அதனால் நினைவூட்டல் மெயில் எழுதும் முன், அவனுடைய முதல் மெயிலைப் பார்க்கலாம் என்றேன்.

பாட்டை அட்டாச் செய்யாமல் லிங்க் கொடுத்திருந்தான். அது சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சி.டி. தரத்தில் ஒரு வேவ் ஃபைல் என்றால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், இடது வலது என இரண்டு தடங்கள். நிமிஷத்துக்கு 10.6 எம்.பி. நாலு நிமிஷப் பாட்டு 42 எம்.பி. மெயிலில் போகும்போது அது எழுத்தாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு கூடி 56 எம்.பி. ஜிமெயிலின் வரம்பு 25. எம்.பி.3 ஆக்கினால் உள்ளே போகும்தான், ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்பிய அட்டாச்மென்ட்டை யாரும் ஆசையாகத் திறப்பதில்லை.

லிங்கை அவன் லேப்டாப்பில் சொடுக்கினேன். பாட்டு ஓடியது. என் போனில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், இன்காக்னிட்டோவில் அதே லிங்கைத் திறந்தேன். "அனுமதி தேவை" என்று வந்தது.

அவன் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. 43 பேருக்கும் பூட்டிய கதவின் முகவரியைக் கொடுத்திருக்கிறான்.

அதோடு முடியவில்லை. யாராவது அந்த லிங்கைத் திறக்கப் பார்த்து "அனுமதி கேள்" என்ற பட்டனை அமுக்கியிருந்தால், அந்தத் தகவல் ஃபைலுக்குச் சொந்தமான கணக்குக்குத்தான் வரும். அதில் இடம் நிறைய இருக்கிறது என்று, பாட்டைக் காலேஜ் காலத்து ஜிமெயிலில் ஏற்றியிருந்தான். அந்தக் கணக்கை அவன் திறந்தே மாசக்கணக்காகிறது. பாஸ்வேர்டைத் தேடிப் பிடித்து உள்ளே போனால், மூன்று பேர் அனுமதி கேட்டிருந்தார்கள். ஒருவர் விளம்பரப் படங்களுக்கு இசை தேர்ந்தெடுப்பவர். கேட்டு 19 நாள் ஆகியிருந்தது.

பத்து நாள் கழித்து இரண்டு வரி நினைவூட்டல் அனுப்பியிருந்தால், "லிங்க் திறக்கவில்லை" என்று அவரே ஒரு வரி போட்டிருப்பார். அவன் அடக்கம் என்று நினைத்தது, உண்மையில் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியை அடைத்துவைத்திருந்தது.

அன்று எழுதிய மெயில்

அவன் முதலில் எழுதியது மூன்று பத்தி மன்னிப்பு. சின்ன வயசிலிருந்து இசைமேல் எவ்வளவு ஆசை என்றுகூட இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இதுதான். அவன் எழுதியது ஆங்கிலத்தில். கருத்தைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம். 19 நாள் முன்பு நீங்கள் அனுமதி கேட்டிருந்த பாட்டின் லிங்க் என் தவறால் பூட்டியிருந்தது. திறந்து கேட்கக்கூடிய புதிய லிங்க் இது. மெதுவான கிடார், பெண் குரல், 3 நிமிடம் 50 விநாடி. 1:10-இலிருந்து கேட்டால் போதும். அந்த வேலை முடிந்திருந்தால் பரவாயில்லை, அடுத்ததற்கு நினைவில் வையுங்கள்."

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, அதே மெயில் தொடரில் பதிலாகப் போனது. ஒரு மெயிலுக்கு ரிப்ளை செய்யும்போது, பழைய மெயிலின் அடையாள எண் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போகிறது. அதை வைத்துத்தான் மெயில் செயலிகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்கின்றன. புதிதாக எழுதினால் வாசிப்பவருக்கு "யார் இது?" என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, போனைக் கீழே தள்ளாமல் ஒரே திரையில் முழுக்கத் தெரிந்தது. மூன்றாவது, எங்கிருந்து கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. நான்காவது, கடைசி வரி. "வேண்டாம்" என்று சொல்ல அவருக்குச் சுலபமான வழி விட்டிருந்தது. வெளியேற வழி இருக்கும் அறைக்குள் மனிதர்கள் தயங்காமல் நுழைவார்கள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "அந்தப் படம் முடிந்துவிட்டது. பாட்டு நன்றாக இருக்கிறது. குரல் இல்லாத வடிவம் உண்டா? உரிமை யாரிடம் இருக்கிறது?"

பையன் துள்ளிக் குதித்தான். பிறகு கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

உரிமை யாரிடம்?

படத்திலோ விளம்பரத்திலோ ஒரு பாட்டைப் பயன்படுத்த இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, மாஸ்டர் என்று சொல்லும் அந்த ஒலிப்பதிவுக்கு. இன்னொன்று, பாட்டு என்ற படைப்புக்கு, அதாவது மெட்டுக்கும் வரிகளுக்கும். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவு ஒலிப்பதிவு என்று மூன்றும் தனித்தனி. எல்லா உரிமைக்கும் ஒரே ஆளிடம் கையெழுத்து வாங்க முடிந்தால் அதை "ஒன்-ஸ்டாப்" என்கிறார்கள். அவசரத்தில் வேலை பார்க்கும் மியூசிக் சூப்பர்வைசருக்கு, சமமான இரண்டு பாட்டுகளில் எதை எடுப்பது என்பதை இந்த ஒரு சொல்லே தீர்மானித்துவிடும்.

அக்கா மகனின் பாட்டுக்கு வரிகள் எழுதியது அவன் ரூம்மேட். பாடியது காலேஜ் ஜூனியர். யாருக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து பேசி, ஒரு பக்கத் தாளில் சதவீதத்தை எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் அனுப்பிய எல்லா நினைவூட்டலிலும் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: "ஒன்-ஸ்டாப். குரல் இல்லாத வடிவம் தயார்."

ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதுசு

டி.சி.பி. அதே செய்தியை அப்படியே திரும்ப அனுப்பும். மனிதர்களிடம் அது எடுபடாது. "என் மெயிலைப் பார்த்தீர்களா?" என்பதில் அவருக்கு ஒன்றும் இல்லை, குற்ற உணர்ச்சியைத் தவிர. இங்கே எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று உண்டு.

1962 ஜனவரி 1-ஆம் தேதி லண்டனில் டெக்கா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழு 15 பாடல்களைப் பாடிக் காட்டியது. டெக்கா மறுத்தது. இ.எம்.ஐ. நிறுவனமும் அதற்கு முன்பே ஒருமுறை மறுத்திருந்தது. அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டைன், டெக்காவில் பதிவான டேப்பை ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த எச்.எம்.வி. கடைக்கு எடுத்துப்போய் இசைத்தட்டாக வெட்டினார். டேப்பைவிடத் தட்டைப் போட்டுக் கேட்பது சுலபம். தட்டு வெட்டியவருக்குப் பாட்டு பிடித்துப்போய், அதே கட்டடத்தில் இருந்த பாடல் பதிப்பு நிறுவனத்தின் ஆளிடம் அனுப்பினார். அவர் வழியாக எப்ஸ்டைன், இ.எம்.ஐ.யின் பார்லோஃபோன் பிரிவில் இருந்த ஜார்ஜ் மார்ட்டினை பிப்ரவரி 13 அன்று சந்தித்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. 85 நாள் கழித்து, மே 9 அன்று மறுபடி சந்தித்தபோதுதான் ஒப்பந்தம் என்ற பேச்சு உறுதியானது. ஜூன் 6 அன்று முதல் பதிவு, அக்டோபர் 5 அன்று முதல் சிங்கிள்.

இதை "விடாமுயற்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிவது வேறு. எப்ஸ்டைன் அதே கதவை அதே மாதிரி தட்டவில்லை. கேட்கச் சுலபமான வடிவத்துக்கு மாற்றினார். மறுத்த அதே நிறுவனத்தின் வேறொரு வாசலுக்குப் போனார். பாட்டின் பதிப்புரிமையில் ஆசை வைத்த அந்தப் பதிப்பு நிறுவனம் உள்ளேயிருந்து தள்ளியதுதான் ஒப்பந்தத்துக்கு முக்கியக் காரணம் என்று பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூவிசன் வாதிடுகிறார். அப்படியானால், "பாட்டைக் கேளுங்கள்" என்பதைவிட "இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது" என்பதுதான் வேலை செய்திருக்கிறது.

நினைவூட்டலில் புதுசாக என்ன சொல்லலாம்? வெளியீட்டுத் தேதி உறுதியானது, குரல் இல்லாத வடிவம், நேரடி நிகழ்ச்சியின் ஒரு நிமிஷ வீடியோ, ஏதாவது வானொலியில் ஒலித்தது, அவர் சமீபத்தில் செய்த வேலைக்குப் பொருந்தும் இன்னொரு பாட்டு. சொல்ல ஒன்றும் இல்லையா? இன்னும் காத்திருங்கள்.

எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி?

நாங்கள் கடைப்பிடித்தது: முதல் மெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாள் கழித்து ஒன்று. அதன்பிறகு மூன்று வாரம் கழித்து ஒன்று. அத்தோடு அந்தப் பாட்டுக்கு நிறுத்தம். அடுத்த பாட்டு வந்தால் புதிய கணக்கு. இடைவெளி நீள்வதைக் கவனியுங்கள், டி.சி.பி. பாடம்தான். "வேண்டாம்" என்று வாயைத் திறந்து சொன்னவருக்கு, நன்றி என்று ஒரு வரி போதும். "ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்கக் கூடாது.

சில இடங்களில் நினைவூட்டலே கிடையாது. ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு பிளேலிஸ்ட்டுக்கு, கலைஞர் கணக்கின் உள்ளே இருக்கும் படிவம் மூலம்தான் பாட்டைச் சமர்ப்பிக்க முடியும். வெளிவராத பாட்டாக இருக்க வேண்டும். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு கொடுத்தால், பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் வந்துவிடும். அங்கே வேலை செய்பவரை லிங்க்டுஇன்னில் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்புவது, சர்வரில் 429 பிழை வாங்குவது மாதிரி. "அளவுக்கு மேல் கேட்கிறாய்" என்று கதவு மூடிக்கொள்ளும். மெயிலுக்குப் பதில் இல்லை என்று வாட்ஸ்அப், இன்ஸ்டா, போன் என்று சுற்றி வளைப்பதும் இதே கணக்குதான்.

செய்யக் கூடாத மூன்று

திறந்தாரா இல்லையா என்று வேவு பார்க்கும் டிராக்கர் வேண்டாம். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த வசதி, அதை இயக்கியவர்களின் மெயிலில் உள்ள படங்களை அவர்கள் திறக்கும் முன்பே இறக்கிவைத்துவிடுகிறது. "திறந்துவிட்டார்" என்று டிராக்கர் சொல்வதை நம்ப முடியாது. "பார்த்தீர்கள் என்று தெரியும்" என்று எழுதினால், உறவு அன்றே முடிந்தது.

மொத்தமாக ஒரே மெயிலை நூறு பேருக்குத் தள்ள வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நாம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பத்துப் பேர் "ஸ்பேம்" என்று அமுக்கினால், பதினோராவது ஆளின் இன்பாக்ஸுக்கு நம் மெயில் போவது சந்தேகம்தான்.

காசு கேட்டு வரும் பதிலுக்கு மயங்க வேண்டாம். நினைவூட்டல் அனுப்ப ஆரம்பித்ததும் அவனுக்கு வேகமாக வந்த முதல் இரண்டு பதில்கள் இந்த ரகம். இவ்வளவு கொடுத்தால் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம். காசு வாங்கிப் பிளேலிஸ்ட்டில் சேர்ப்பதை ஸ்பாட்டிஃபையின் விதிகள் அனுமதிப்பதில்லை. போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் பாட்டே தளத்திலிருந்து போய்விடலாம். மௌனத்தில் நொந்து கிடப்பவனுக்கு எந்தப் பதிலும் இனிக்கும், அதுதான் ஆபத்து.

கடைசியில் என்ன ஆனது?

43 பேரில் 12 பேரை நாங்களே எடுத்துவிட்டோம். அவர்கள் கேட்கும் வகை இசையே வேறு. மீதி 31 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திறக்கும் லிங்கோடு எழுதினான். 11 பதில்கள். இரண்டு அந்தக் காசு கேட்டவர்கள். ஆறு பேர் மரியாதையாக வேண்டாம் என்றார்கள். இரண்டு பேர் அடுத்த பாட்டை அனுப்பச் சொன்னார்கள். ஒரு ஆவணப்படக்காரர் குரல் இல்லாத வடிவத்தில் 40 விநாடி எடுத்துக்கொண்டார். வந்த பணத்தை மூன்று பேரும் தாளில் எழுதிய சதவீதப்படி பிரித்துக்கொண்டார்கள். இவன் பங்கில் ஒரு சுமாரான மைக் வாங்கினான். அந்த விளம்பரம் போனது போனதுதான்.

வருஷம் முடிந்தது. சொன்ன வாக்குப்படி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அக்காவுக்கு நிம்மதி. ஆனால் "பாட்டு நல்லா இல்லை" என்ற தீர்ப்போடு அவன் போகவில்லை. அந்தத் தீர்ப்பை யாரும் சொல்லவே இல்லை என்று அவனுக்கு இப்போது தெரியும். வார இறுதிகளில் ரெக்கார்டிங் நடக்கிறது.

போன வாரம் அந்த எக்செல் ஷீட்டை எனக்கு அனுப்பியிருந்தான். "பதில்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னும் மூன்று கட்டங்கள்: "லிங்க் சோதித்தாச்சா", "அடுத்து எப்போ", "அடுத்து என்ன புதுசு".